குடிகாரன் பாட்டும் குடுகுடிப் பாட்டும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கமாக நான் எழுதுவது என்னவென்று சங்க அன்பர்களுக்குத் தெரியும். சிரவணபெளகொளக் கல்வெட்டு, கங்கர் காலத்துப் பசதிகள், வந்தவாசிப் பக்கத்துச் சமணப் படுக்கைகள், இப்படி ஏதாவது ஒன்று. நான் பட்டம் பெற்றவன் அல்லேன். பி.யு.சி.யோடு நிறுத்திவிட்டு மண்டியில் உட்கார்ந்தவன். படித்ததெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்ததுதான். இந்தத் தடவை கல்லை விட்டுவிட்டுப் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் ஒரு கள் குடிகாரனின் பாட்டு, ஒரு ஹூக்காப் பாட்டு. இரண்டும் கன்னடப் பாட்டுகள். இரண்டையும் மைசூர்க்காரர்கள் மேடையேற்றினார்கள். ஒருவர் ஆர்மோனியத்தோடு, இன்னொருவர் கிடாரும் டிரம்சும் சேர்ந்த ராக் இசையோடு.

"சமணருக்கும் கள்ளுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். காரணத்தைக் கட்டுரையின் கடைசியில் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது வாங்க வந்தவரிடம் சரக்கின் பழுதைச் சொல்லாமல் விலை பேசுவது போலாகும். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். 2012ஆம் ஆண்டு மலரில் என் அண்ணனுக்கு ஓர் அஞ்சலிக் குறிப்பு வந்தது. அதை எழுதியவன் நான். "சிறிது கால நோய்க்குப் பின்" அவர் காலமானார் என்று அதில் இருக்கிறது. அது பொய்.

எங்கள் பூர்வீகம் ஆரணி. அப்பா 1950களில் அரிசி வியாபாரமாக மைசூருக்கு வந்து சந்தேப்பேட்டையில் மண்டி போட்டார். நாங்கள் நயினார் சமூகத்தார். ஊன், கள், தேன் மூன்றையும் விலக்குவது எங்களுக்கு இல்லறத்தின் முதற்படி. சூரியன் சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற வீடு. தேனையே தொடாத வீட்டில் கள் எங்கிருந்து வரும்? "நம்மவங்களில் அந்தப் பழக்கம் கிடையாது" என்று அப்பா சம்பந்தம் பேசுகிற இடங்களில் பெருமையாகச் சொல்லுவார். அந்த ஒரு வாக்கியம்தான் பின்னாளில் எங்கள் எல்லோர் வாயையும் கட்டிப்போட்டது. கிடங்கில் இல்லை என்று சொன்ன சரக்கு கிடங்கிலேயே இருந்துவிட்டால் வியாபாரி என்ன செய்வான்? மேலே நாலு மூட்டையைப் போட்டு மறைப்பான்.

திருக்குறளை எங்கள் வீட்டில் சமண நூலாகவே படிப்பார்கள். அந்த வழக்கை நான் இங்கே தொடங்கவில்லை. புலவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நான் சொல்ல வந்தது அதிகார வரிசையைப் பற்றி. 93ஆவது கள்ளுண்ணாமை, 94ஆவது சூது, 95ஆவது மருந்து. முப்பது வருஷம் படித்தும், மனிதனை விடாமல் பிடித்துக்கொள்கிற இரண்டு பழக்கங்களுக்கு அடுத்த இடத்தில் மருந்து நிற்பது என் கண்ணில் படவில்லை. கள்ளுண்ணாமையை மட்டும் அண்ணனுக்கு உரத்துப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பத்துக் குறளும் அவருக்கு மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும்.

இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

மைசூரில் உங்கள் பிள்ளைகள் கன்னடம் படித்திருந்தால் நாய்க்குட்டிப் பாட்டும் துத்தூரிப் பாட்டும் வீட்டில் கேட்டிருக்கும். அந்தக் குழந்தைப் பாட்டுகளை எழுதியவர் ஜி.பி. ராஜரத்தினம். குண்டலுப்பேட்டையைப் பெயரின் முதலெழுத்தில் வைத்திருந்தவர், ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர், 1979இல் காலமானார். புத்தரைப் பற்றியும் மகாவீரரைப் பற்றியும் கன்னடத்தில் நூல்கள் செய்தவர். எனக்கு முதலில் அறிமுகமானது அந்த மகாவீரர் ராஜரத்தினம்தான். பழைய புத்தகக் கடையில் அவருடைய நூல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தபோது, "இவர்தானே நம்ம குடிகார ரத்னனை எழுதினவர்?" என்று அண்ணன் கேட்டார். நான் நம்பவில்லை. தீர்த்தங்கரர் சரிதம் எழுதுகிற கை கள்ளுக்கடைப் பாட்டு எழுதுமா? எழுதியிருக்கிறது.

1930களில் வெளிவந்த அந்தப் பாட்டுகளை 'ரத்னன பதகளு' என்பார்கள். பதம் என்றால் இங்கே பாட்டு. அவற்றைப் பாடுகிறவன் 'எண்ட்குடுக ரத்ன', அதாவது கள் குடிகார ரத்னன். பழைய மைசூர்ப் பக்கம் கள் என்றால் பெரும்பாலும் ஈச்சங்கள். ரத்னன் கூலிக்காரன் மாதிரியான ஆள். படிப்பில்லை. அவனுக்குப் புட்நஞ்சி என்று ஒரு மனைவி. அவன் பேசுவது பண்டிதக் கன்னடம் அல்ல; சந்தேப்பேட்டையில் மூட்டை இறக்குகிறவர்கள் பேசுகிற கன்னடம். எழுத்துகளை முழுங்கி, ஹகரத்தை உதிர்த்து, பாதி வார்த்தையில் நிறுத்துகிற பேச்சு. அது முழுக்க ஒரு குடிகாரன் வாயிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறார். எழுதியவரோ குடிப்பழக்கம் இல்லாதவர் என்று கன்னட எழுத்துலகில் எல்லோரும் சொல்வார்கள்.

அந்தப் பாட்டுகளில் ஒன்றின் சங்கதியை மட்டும் என் சொல்லில் சொல்கிறேன். கடவுள் ரத்னன் முன்னால் வந்து, வரம் தருகிறேன், கள்ளை விடு என்கிறார். சரி என்கிறான். பெண்டாட்டியை விடு என்கிறார். அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு சரி என்கிறான். கன்னடப் பாட்டை விடு என்றதும் அவனுக்குக் கோபம் வந்துவிடுகிறது, கடவுளையே விரட்டிவிடுகிறான். இன்னொரு பாட்டில், நரகத்தில் போட்டு வாயை அடைத்தாலும் பாடுவதை நிறுத்தமாட்டேன் என்கிறான். கன்னட மேடைகளில் இவற்றை மொழிப்பற்றுப் பாட்டுகளாகவே பாடுகிறார்கள். நவம்பர் மாதம் ராஜ்யோத்ஸவம் வந்தால் தெருவுக்குத் தெரு கேட்கும். அது சரியான பொருள்தான். ஆனால் குடிகாரன் இருக்கிற வீட்டுக்காரன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது. கள்ளை விடச் சொன்னால் உடனே சரி என்கிறான், பாருங்கள். எந்தக் குடிகாரனும் அப்படித்தான் சொல்லுவான். காலையில் சத்தியம், சாயந்திரம் கடை. அதில் ராஜரத்தினத்துக்கு ஏமாற்றமில்லை. அவர் காட்டுவது, அந்த ஆளுக்குள்ளே கள் அல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதை. அதை யாராலும் பிடுங்க முடியவில்லை, அவன் குடிக்கிற கள்ளாலும் முடியவில்லை.

இதே காலத்தில் தமிழில் என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். 1929இல் ராஜாஜி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அதில் உதவியாசிரியர். குடியால் அழிகிற குடும்பங்களைக் கதையாகவும் படமாகவும் போட்டார்கள். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் அதனால் அடுப்பு எரிந்திருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கதைகளில் குடிகாரனைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள். காவிரிக்கு இந்தப் பக்கம், அதே பத்தாண்டில், குடிகாரனே பேசுகிறான். இரண்டும் தேவைதான். எங்கள் வீட்டில் முதல் வகை மட்டும்தான் இருந்தது.

ரத்னன் பாட்டை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் மைசூர் அனந்தசாமி. 1936இல் பிறந்து 1995இல் மறைந்தார். கன்னடத்தில் சுகம சங்கீதம் என்று ஒரு துறை. கவிஞர்கள் எழுதிய கவிதையை மெட்டமைத்துப் பாடுவது. அதில் அவர் பெரிய கை. கர்நாடக நாடகீதமான குவெம்புவின் பாட்டுக்கு அவர் அமைத்த மெட்டைத்தான் 2022இல் அரசு அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அந்த மாதிரி கம்பீரமான மெட்டுப் போட்டவரே ரத்னனுக்காகக் குரலைத் தள்ளாடவிட்டுப் பாடுவார்.

1980களின் நடுவில் ஒரு தசரா சமயம். அண்ணனும் நானும் அவர் பாட்டுக் கேட்கப் போனோம். ரத்னன் பாட்டு வந்ததும் கூட்டம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் அண்ணன் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது, மணிக்கூண்டு தாண்டி நடந்துகொண்டே கேட்டார்: "தம்பி, எழுதினவரு குடிச்சதே இல்லைங்கிறாங்களே. அப்ப அவருக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"கற்பனைதாண்ணா."

"கற்பனை இல்லப்பா. எவனோ ஒருத்தன்கிட்ட உட்கார்ந்து கேட்டிருக்காரு."

அப்போது அண்ணன் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். நான் உட்கார்ந்து கேட்கவில்லை.

குடி மட்டும் என்றால் கதை வேறாக இருந்திருக்கும். கிடங்கில் அடுக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஆட்கள் பேசுகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். அவர் எடை போட்டதில் பொய் இருக்கிறது என்று அவர்கள் கணக்கு வாசிக்கிறார்களாம். குடித்தால் அந்தக் குரல் கொஞ்சம் அடங்குகிறதாம். குடி இறங்கினால் கூடுதலாக வருகிறதாம். எது முதலில் வந்தது, குரலா குடியா என்று எங்களுக்குப் புரியவில்லை. அண்ணி ஜாதகம் பார்த்தார். நான் கள்ளுண்ணாமை படித்தேன். அப்பா சம்பந்திகளுக்குத் தெரியக்கூடாது என்றார்.

1987இல் ஒரு மந்திரிக்கிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். எந்த ஊர், எந்தச் சமயத்து இடம் என்று எழுதவேண்டியதில்லை. எல்லாச் சமயத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. காலில் சங்கிலி போட்டார்கள். நானும் சம்மதித்தேன். மூன்றாம் நாள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பேய் இறங்குகிறது என்றார்கள். தினமும் குடிக்கிற உடம்புக்குத் திடீரென்று குடி நின்றால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தபிரமையும் வரலாம், உயிரே போகலாம், அதை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துத்தான் இறக்கவேண்டும் என்பது ஆறு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். அந்தச் செய்தித்தாளை அண்ணன் கண்ணில் படாமல் மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தேன். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் கூடாது என்று தடுத்திருக்கிறது. முப்பது வருஷம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

1993இல் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனோம். அந்த மனநல மருத்துவமனைக்கு நம் ஊரோடு பழைய தொடர்பு உண்டு. மகாராஜா காலத்தில், 1925இல், மைசூர் அரசு மனநல மருத்துவமனை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் அது வெறும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான். 1954இல் அகில இந்திய மனநல நிலையம் ஆயிற்று, 1974இல் நிம்ஹான்ஸ். குடிமீட்புப் பிரிவு 1991இல்தான் அங்கே தொடங்கியது. குரலும் குடியும் இரண்டு தனி நோய்கள், ஒன்றை ஒன்று வளர்க்கும், இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கவேண்டும், ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது திரும்பக் கூட்டிக்கொண்டு வரும் என்று ஒரு டாக்டர் அம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். கணக்கில் பற்று, வரவு இரண்டையும் எழுதாமல் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மொட்டைத் தலையும் ஊதிய முகமுமாக வராந்தாவில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய்விட்டேன். "தம்பி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார்.

இதை என் மகளிடம் ஒருநாள் சொன்னபோது அவள் ஓர் ஆங்கிலேயப் பாட்டுக்குழுவின் கதையைச் சொன்னாள். பிங்க் பிளாய்ட் என்று லண்டன் ராக் குழு. அதன் முதல் தலைவர் சிட் பாரெட். போதை மருந்தும் மனக்கோளாறும் சேர்ந்து 1968இல் குழுவை விட்டுப் போகும்படி ஆயிற்று. அவரை நினைத்து நண்பர்கள் 1975இல் ஒரு நீண்ட பாட்டைச் செய்தார்கள். அந்தப் பாட்டு வேலை நடந்துகொண்டிருந்த அறைக்குள் ஒருவர் வந்து நின்றாராம். பருத்த உடம்பு, மழித்த தலை, புருவமும் இல்லை. யாரோ என்று இருந்திருக்கிறார்கள். அது பாரெட்டேதான் என்று தெரிய நேரமாயிற்றாம். அவர் 2006 வரை உயிரோடிருந்தார். அவர்கள் அப்புறம் அழுதார்களாம். நான் அன்றைக்கு மைசூர் பஸ்ஸில் ஏறியபிறகுதான் அழுதேன்.

அண்ணனுக்கு நல்ல வருஷங்களும் இருந்தன. மாத்திரையை ஒழுங்காகப் போட்ட காலங்களில் விடிகாலையில் தராசுப் பக்கம் நின்று லாரி இறக்குவார். நடுவில் நாலைந்து தடவை திரும்பவும் குடிக்குப் போனார். 2007 ஜூலை 1 முதல் கர்நாடகத்தில் சாராயத்தை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை பாக்கெட் போய்ப் பாட்டில் வந்தது, அவ்வளவுதான், செலவு கூடியது.

2009 என்று நினைவு. மகள் ஒரு சி.டி. வாங்கி வந்து முன்னறையில் போட்டாள். நம் மைசூரிலே வளர்ந்த ரகு தீட்சித் முந்தின வருஷம் வெளியிட்ட முதல் தொகுப்பு, பெயர் 'அந்தராக்னி', உள்ளே எரிகிற நெருப்பு. அவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றவர். பரதநாட்டியமும் முறையாகக் கற்றவர். பிறகு கிடாரை எடுத்தவர். லுங்கியும் காலில் சலங்கையுமாக மேடையில் ஆடிப் பாடுவதைப் பின்னால் பார்த்தேன். 2011இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா வரைக்கும் அந்த லுங்கி போயிற்று. எனக்கு அந்த டிரம்ஸ் சத்தம் ஒத்துவராது. குறைக்கச் சொல்ல எழுந்தேன். உள்ளறையிலிருந்து அண்ணன் வந்து வாசற்படியில் நின்றார். "இது ஷரீப் சாயபு பாட்டுல்ல?" என்றார்.

'குடுகுடிய சேதி நோடோ' என்பது அந்தப் பாட்டு. குடுகுடி என்றால் ஹூக்கா. நீர் வழியாகப் புகை வரும்போது எழுகிற சத்தமே பெயராகிவிட்டது. பாடியவர் சிசுநாள ஷரீபர், 1819 முதல் 1889 வரை வாழ்ந்தவர், இன்றைய ஹாவேரி மாவட்டத்துக்காரர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாகக் கொண்டவர். அவர் பாட்டுகளைத் தத்துவப் பதங்கள் என்பார்கள். சி. அஸ்வத், சிவமொக்கா சுப்பண்ணா போன்றோர் குரலில் கன்னட நாடு முழுவதும் பரவியவை. 1990இல் நாகாபரணா எடுத்த படம் அவர் கதையை இன்னும் பரப்பியது. நம் தமிழில் இதற்கு நெருங்கினவர் குணங்குடி மஸ்தான் சாகிபு, 1792இல் பிறந்து 1838இல் சென்னை ராயபுரத்தில் மறைந்தவர். சுல்தான் அப்துல் காதிர் என்பது அவர் இயற்பெயர். மஸ்தான் என்றாலே வெறி ஏறியவர், பித்தர் என்றுதான் பொருள். அவருக்கு அது பட்டம். அந்தப் பாட்டைக் கேட்டு அன்று கண்ணீர் விட்ட குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பித்தரை என்ன செய்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

ஷரீபர் பாட்டின் சூட்சுமம் இது. ஹூக்காவை இழுத்துப் பார், உடம்புக்குள் இருக்கிற ரோகத்தை வெளியே தள்ளு என்கிறார். எப்படி? மனசுதான் புகையிலைப் பை, அதை அவிழ்க்கவேண்டும். மோசம் என்கிற பங்கியை, அதாவது கஞ்சாவை, நறுக்கவேண்டும். நினைவு சிலும்பி. புத்தி நெருப்பு. இப்படி ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். படித்தவர்கள் உருவகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் மகளுக்கு அப்படித்தான் விளக்கினேன். அண்ணன் குறுக்கிட்டார்.

"பாப்பா, ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னாங்க. பாட்டிலை, டம்ளரை, சிநேகிதக்காரனை. சரிதான். ஆனா கை சும்மா இருக்குமா? இவரு அதே சாமானை அதே கையில குடுக்கிறாரு. வேற வேலைக்கு."

"நிஜமா புகைக்கச் சொல்றாரா பெரியப்பா?"

"இல்லம்மா. பிடிக்கிறவனுக்குத் தெரிஞ்ச பாஷையில பேசுறாரு. பையை அவிழ்க்கிறது, நறுக்குறது, பத்த வைக்கிறது. அது தெரியாதவன் சொன்னா நாங்க கேப்பமா?"

நாங்க என்றார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டில் அவர் தன்னை அப்படிச் சேர்த்துச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அதே தொகுப்பில் ஷரீபரின் இன்னொரு பாட்டும் இருக்கிறது, கூரை ஒழுகுகிற வீட்டைப் பற்றியது. அதையும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நான் ஒழுகல் என்பது அஞ்ஞானம் என்றேன். "ஆமா, அதுவும்தான்" என்றார். அவருக்கு மழை ராத்திரியில் குரல் அதிகமாகக் கேட்கும் என்பது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மாத்திரை தொடர்ந்தது, குடியும் விட்டு விட்டு வந்தது. 2011இல் கல்லீரல் கெட்டு, வயிறு வீங்கி, ஐம்பத்தெட்டாவது வயதில் போனார். பாட்டு செய்தது ஒன்றுதான். அந்த இரண்டு வருஷம் அவரும் என் மகளும் பேசிக்கொண்டார்கள். குரல் எப்போது வருகிறது, என்ன சொல்கிறது என்று அவள் கேட்பாள், அவர் சொல்லுவார். நான் கடையிலிருந்து வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவர் இறந்தபின் பழைய சிட்டாக்களை எடைக்குப் போட எடுத்தபோது ஒன்றின் கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து. ரத்னன் பாட்டு மூன்று, ஷரீபர் பாட்டு இரண்டு, கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் போட்டு, சுத்தமாக, மூட்டைக் கணக்கு எழுதுவது போலவே. ரத்னன் பாட்டில் கடவுள் வருகிற இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. அந்தச் சிட்டாவை எடைக்குப் போடவில்லை.

அஞ்சலிக் குறிப்பை அதற்கப்புறம்தான் எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். மகளின் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். சென்னையில் டி.டி. ரங்கநாதன் என்ற பெரிய குடும்பத்துப் பிள்ளை குடியால் 1979இல் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அதை ஒளிக்காமல், அவர் பெயரிலேயே 1980இல் குடிமீட்பு நிலையம் தொடங்கினார், 1992இல் பத்மஸ்ரீ பெற்றார் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஒரு பெண்பிள்ளைக்கு இருந்த தைரியம் எனக்கு வரவில்லை. சம்பந்தி வீட்டாருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே என் மகளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று ஐந்து வருஷம் கழித்துத் தெரிந்தது. அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன். "எழுதுங்க, அவரு பாட்டுப் பாடுவாருன்னும் போடுங்க" என்றார்.

2012ஆம் ஆண்டு மலரை வைத்திருக்கும் அன்பர்கள், அஞ்சலிப் பக்கத்தில் "சிறிது கால நோய்க்குப் பின்" என்றிருப்பதை "இருபத்தேழு ஆண்டு மனநோய்க்கும் குடிநோய்க்கும் பின்" என்று திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவர் நன்றாகப் பாடுவார் என்பதையும் அந்த இடத்திலேயே சேர்த்துக்கொள்ளவும்.